கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் எதற்கு? டைனமிக்கில் கேட்காத அறைச் சத்தம் இதில் மட்டும் ஏன் கேட்கிறது?

குரல்வளை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒலிப்புத்தக வாசிப்புக்கு இதுவரை கையில் பிடிக்கும் வகை டைனமிக் மைக். இப்போது ஸ்டாண்டில் வைக்கும் பெரிய சவ்வு கார்டியாய்டு (முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் வகை) கண்டென்சருக்கு மாறியிருக்கிறேன். யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மடிக்கணினி. அறை 3 மீட்டருக்கு 3.5 மீட்டர், வெறும் சுவர்கள், ஒரு ஜன்னல்.

1. இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானைப் போட்டால்தான் கண்டென்சர் உயிர் பெறுகிறது. டைனமிக் கேட்காத மின்சாரத்தை இது ஏன் கேட்கிறது?

2. குரல் அருமையாகத் தெளிவாக வருகிறது. கூடவே மின்விசிறி, மடிக்கணினியின் விசிறி, அறையின் எதிரொலி எல்லாமே வருகின்றன. டைனமிக்கை வாயிலிருந்து 8 செ.மீ. தூரத்தில் வைத்துப் பேசுவேன். கண்டென்சர் 30 செ.மீ. தள்ளி நிற்கிறது. "கண்டென்சர் எல்லாத்தையும் இழுத்துடும், உன் அறைக்கு டைனமிக்தான் சரி" என்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடிய டைனமிக் ஒன்று வாங்குவதா?

3. மழை நாட்களில் தொடாமலே பட்பட்டென்று பொரிகிறது. மறுநாள் தானாகவே நின்றுவிடுகிறது. பழுதா?

4. 48 வோல்ட் போட்ட நிலையில் தெரியாமல் டைனமிக்கைச் செருகிவிட்டால் கெட்டுப்போகுமா?

---

மின்தேக்கி எழுதியது:

முதல் கேள்வி புரிந்தால் மூன்றாவதும் நான்காவதும் பாதி புரிந்த மாதிரி. அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கண்டென்சரின் கேப்ஸ்யூல், அதாவது ஒலியை வாங்கும் பகுதி, ஒரு மின்தேக்கி (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் இரு தகடுகள்), அவ்வளவுதான். முன்னால் தங்கம் பூசிய பாலியஸ்டர் சவ்வு, 3 முதல் 6 மைக்ரான் தடிமன். பின்னால் துளைகள் போட்ட பின்தகடு. இரண்டுக்கும் நடுவே 25 முதல் 50 மைக்ரான் வரை காற்று இடைவெளி. பெரிய சவ்வு என்றால் விட்டம் 25 மி.மீ. அளவில் இருக்கும், மின்தேக்கம் ஏறக்குறைய 50 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 60 வோல்ட் போல ஒரு நேர்மின்னழுத்தத்தை 1 கிகாஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுக்கிறார்கள். ரெசிஸ்டர் அவ்வளவு பெரிதாக இருப்பதால், ஒலி அலை ஒன்று வந்து போகும் நேரத்துக்குள் தகடுகளில் உள்ள மின்னூட்டத்தால் எங்கும் ஓட முடியாது. மின்னூட்டம் மாறாமல் நிற்க, சவ்வு அசைந்து இடைவெளி மாறினால் மின்தேக்கம் மாறும். அதற்கேற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் உங்கள் குரல்.

அந்த 1 கிகாஓம் ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும். 50 பிகோஃபாரடையும் 1 கிகாஓமையும் பெருக்கினால் 0.05 விநாடி, அதாவது சுமார் 3 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பதிவு தேயத் தொடங்கும். அதே இடத்தில் 100 மெகாஓம் இருந்தால் 32 ஹெர்ட்ஸிலேயே தேயும். 10 மெகாஓம் என்றால் 320 ஹெர்ட்ஸ், குரலின் அடித்தளமே காணாமல் போகும். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மழை நாள் சங்கதிக்கு இதுதான் வேர்.

அடுத்த சிக்கல், இந்தக் கேப்ஸ்யூலை நேராகக் கேபிளில் கட்ட முடியாது. 100 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு சுமார் 32 மெகாஓம். மைக் கேபிள் ஒரு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவுக்குத் தானே ஒரு மின்தேக்கி. 3 மீட்டர் கேபிள் போட்டால் சிக்னல் ஏழில் ஒரு பங்காகிவிடும், போதாததற்குச் சுற்றியுள்ள ஹம் (மின்கம்பிகளிலிருந்து வரும் "ம்ம்" இரைச்சல்) முழுவதும் ஏறும். அதனால் கேப்ஸ்யூலுக்கு ஒட்டினாற்போல் ஒரு ஃபெட் டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும். வேலை, அந்த மெகாஓம் சிக்னலை 50 முதல் 200 ஓம் வரையிலான சிக்னலாக மாற்றிக் கேபிளுக்குக் கொடுப்பது. பழைய மைக்குகளில் இதே இடத்தில் வால்வு இருந்தது. 48 வோல்ட் அதற்குப் போதாது, தனி மின்பெட்டி வேண்டும்.

ஆக 48 வோல்ட்டுக்கு இரண்டு வேலை: கேப்ஸ்யூலுக்கு மின்னூட்டம், ஃபெட்டுக்குச் சாப்பாடு. எலக்ட்ரெட் வகையில் முதல் வேலை இல்லை. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் செய்து காட்டியது அது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குள் மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பதித்துவிட்டார்கள். ஆனால் ஃபெட் அங்கேயும் உண்டு, அதற்கு மின்சாரம் வேண்டும். எலக்ட்ரெட் என்றாலே மட்டம் என்ற எண்ணம் தப்பு. படலத்தைச் சவ்வில் வைக்காமல் பின்தகட்டில் ஒட்டிய வகைகளில் மிக நல்லவை இருக்கின்றன. ஏமாற்று வேறு இடத்தில் நடக்கும்: வெளியே பெரிய சவ்வு மைக்கின் உடல், உள்ளே 10 முதல் 16 மி.மீ. எலக்ட்ரெட் உருண்டை. மைக்கின் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். 25 மி.மீ. தங்க வட்டு தெரியவேண்டும்.

கேபிளில் 48 வோல்ட் போகும் விதம்: எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று ஊசி மைக் பிளக்கின் 2ஆம் ஊசிக்கும் 3ஆம் ஊசிக்கும் ஆளுக்கொரு 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகச் சமமாகப் போய், 1ஆம் ஊசி வழியாகத் திரும்பும். மைக் 4 மில்லியாம்பியர் எடுத்தால் அந்த ரெசிஸ்டர்களில் 13.6 வோல்ட் விழுந்து மைக்கில் 34.4 தான் இருக்கும். அதை எதிர்பார்த்தேதான் மைக்கை வடிவமைக்கிறார்கள். ரெசிஸ்டரின் மதிப்பு கொஞ்சம் முன்பின் இருந்தால் பாதகமில்லை, ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று 0.4 சதவீதத்துக்குள் பொருந்தவேண்டும். இல்லாவிட்டால் ஹம் தள்ளுபடியாகாது.

சோதிக்க: மைக்கைக் கழற்றிவிட்டு 48ஐப் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 1–2, 1–3 இரண்டையும் அளக்கவும். இரண்டும் 44க்கும் 52க்கும் நடுவில் இருக்கவேண்டும். 2–3 நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். பிறகு கேபிளின் மறுமுனையிலும் அதே அளவு. அங்கே ஒரு ஊசியில் மட்டும் மின்னழுத்தம் இல்லை என்றால் கேபிளில் சால்டர் விட்டிருக்கிறது. இந்த நிலையில் சில மைக்குகள் பேசும், ஆனால் சன்னமாக, ஹம்மோடு, சத்தம் கூடினால் கரகரவென்று பேசும். ஆளுக்கு ஆள் மைக்கைத்தான் சந்தேகப்படுவார்கள்.

டைனமிக்கில் காந்தத்துக்குள் சுருள் அசைந்து தானே மின்சாரம் உண்டாக்குகிறது. வெளியிலிருந்து ஒன்றும் வேண்டாம். விலை என்னவென்றால் சவ்வு அந்தச் சுருளின் எடையையும் சேர்த்துச் சுமக்கவேண்டும். "ச", "ஸ" ஓசைகளின் கூர்மை டைனமிக்கில் மழுங்குவதற்குப் பெரிய காரணம் அந்த எடை.

---

சுருள்காந்தம் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் இரண்டாவது கேள்விக்கு வர்றேன்.

கண்டென்சர் எதையும் இழுக்காதுங்க. டைனமிக்கும் எதையும் தள்ளாது. மைக் இருக்கிற இடத்துல எவ்வளவு குரல், எவ்வளவு அறைச் சத்தம்னு இருக்கோ, அந்த விகிதம்தான் பதிவாகும். அதை முடிவு பண்றது முக்கியமா தூரம், அப்புறம் மைக் எந்தத் திசையில கேட்குதுங்கிற வடிவம். 8 செ.மீ.லருந்து 30 செ.மீ.க்குப் போனா வாய்ச் சத்தம் 11.5 டெசிபல் குறையும். 2 மீட்டர் தள்ளி இருக்கிற விசிறிக்கு இந்த 22 செ.மீ. ஒரு பொருட்டே இல்ல. குறைஞ்ச குரலைச் சரிக்கட்ட கெயினை (இன்டர்ஃபேஸ் சிக்னலைப் பெருக்குற அளவு) 11.5 டெசிபல் ஏத்துறீங்க, அறையும் கூடவே 11.5 ஏறுது. நீங்க கேட்கிறது இதைத்தான்.

நம்பலைன்னா ரெண்டு மைக்கையும் ஒட்டி வெச்சு, ரெண்டும் வாயிலருந்து 15 செ.மீ., ரெண்டு சேனல்ல ஒரே நேரத்துல பதிவு பண்ணுங்க. உச்சம் ரெண்டுலயும் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபல்ல நிக்கிற மாதிரி கெயின் வைங்க. ஒரு பத்தி வாசிச்சுட்டு 10 விநாடி சும்மா இருங்க. அந்த 10 விநாடியை மட்டும் மாத்தி மாத்திக் கேளுங்க. கண்டென்சர்ல கூடுதலா கேட்கிறது பெரும்பாலும் மேல் அதிர்வெண் காத்துச் சத்தமா இருக்கும். காரணம் அதோட சவ்வு அங்கயும் வேலை செய்யுது, டைனமிக்கோடது தளர்ந்துடுது.

"சென்சிட்டிவிட்டி அதிகம்"னு சொல்றது வேற விஷயம். அது எவ்வளவு மின்னழுத்தம் வெளிய வருதுங்கிற கணக்கு, எவ்வளவு தூரம் கேட்குதுங்கிற கணக்கு இல்ல. 94 டெசிபல் ஒலிக்கு, அதாவது 1 பாஸ்கலுக்கு, ஷூர் எஸ்எம்58 டைனமிக் கொடுக்கிறது 1.85 மில்லிவோல்ட். இன்னொரு டைனமிக் எஸ்எம்7பி 1.12. கண்டென்சர்கள்ல ரோடு என்டி1-ஏ 25. நாய்மன் யூ87 ஏஐ கார்டியாய்டுல 28.

இதுல ஒரு விளைவு உண்டு, டைனமிக் வாங்குறதுக்கு முன்ன பாக்கணும். இன்டர்ஃபேஸுக்குள்ள மைக் சிக்னலைப் பெருக்குற ப்ரீஆம்ப்போட சொந்த இரைச்சல் மைனஸ் 128 டிபியூ (மின்னழுத்தத்தை டெசிபல்ல சொல்ற அலகு)ன்னு வெச்சுக்கங்க, நல்ல இன்டர்ஃபேஸ்ல அப்படித்தான் இருக்கும். 1.12 மில்லிவோல்ட் மைக்கை அதுல மாட்டினா அந்த இரைச்சல், அறையில 23 டெசிபல் சத்தம் ஓயாம இருக்கிறதுக்குச் சமம். 25 மில்லிவோல்ட் மைக்குக்கு அதே ப்ரீஆம்ப் மைனஸ் 4 டெசிபல், அதாவது காதுக்கே கிடையாது. அங்க மைக்கோட செல்ஃப் நாய்ஸ் (மைக் தானே உண்டாக்குற இரைச்சல்) மட்டும்தான் கணக்கு, என்டி1-ஏல 5 டெசிபல். கெயின் கணக்கும் அப்படியே: சாதாரணப் பேச்சு 10 செ.மீ.ல 80 டெசிபல் அளவு, எஸ்எம்7பிக்கு 60 டெசிபல் கெயின் கேட்கும், கண்டென்சருக்கு 35 போதும். 55 டெசிபலோட நிக்கிற இன்டர்ஃபேஸ்ல அந்த டைனமிக்கை மாட்டிட்டு "சத்தமே வரல"ன்னு எழுதுறவங்க நிறைய.

அதே சமயம் இன்னொண்ணு. உங்க அறை விசிறியோட 40 டெசிபல் இருந்தா, 5 டெசிபல் செல்ஃப் நாய்ஸ் மைக்குக்கும் 15 டெசிபல் மைக்குக்கும் வித்தியாசமே தெரியாது. முதல்ல அறை, அப்புறம்தான் அந்த எண்.

செய்யவேண்டியது:

மைக்கை 12–15 செ.மீ.க்குக் கொண்டு வாங்க. பெரிய சவ்வு மைக் பக்கவாட்டுல கேட்கும், உச்சியில இல்ல. முத்திரை இருக்கிற பக்கம் வாய்க்கு எதிரா இருக்கணும். மேல் நுனியைப் பார்த்துப் பேசினா குரல் மந்தமாகி அறை தூக்கலா வரும், பாதிப் புகார் இதனாலதான். கார்டியாய்டு முதுகுப் பக்கம் செவிடு, அதனால மடிக்கணினியை மைக்குக்கு நேர் பின்னால வைங்க.

போர்வை விஷயத்துல எல்லாரும் தலைகீழா பண்றாங்க. மைக்குக்குப் பின்னால பஞ்சு மாட்டுறாங்க, ஆனா மைக்கோட முகம் பாக்கிறது உங்களையும், உங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற சுவரையும். தடிமனான போர்வை ரெண்டு அங்க தொங்கட்டும், சுவர்லருந்து 10 செ.மீ. விட்டு. அறையோட நட்டநடுவுல உட்காராதீங்க.

80 ஹெர்ட்ஸ் லோ-கட் (அதுக்குக் கீழ உள்ள ஓசையை வெட்டுற வடிகட்டி) போடுங்க. பேச்சு சராசரி மைனஸ் 20, உச்சம் மைனஸ் 12. 24 பிட்ல பதிவு பண்ணா இதுக்கு மேல ஏத்தத் தேவையே இல்ல.

---

ஈரக்காற்று எழுதியது:

சுருள்காந்தம் சொன்ன இயற்பியலில் குறை இல்லை, ஆனால் நடைமுறையில் ஒன்றை விட்டுவிட்டார். டைனமிக்கை 3–5 செ.மீ. வரை நெருங்கலாம், உள்ளே பஞ்சும் தடித்த வலையும் இருக்கிறது, "ப" ஓசையின் காற்றைத் தாங்கும். அதே நெருக்கத்தில் பெரிய சவ்வு கண்டென்சர் ஒவ்வொரு "ப"வுக்கும் குண்டு போடும், அடிக்குரல் வீங்கும். ஆகவே விசிறியை நிறுத்தவே முடியாத அறையில் டைனமிக் ஜெயிப்பது உண்மைதான். ஜெயிக்கவைப்பது அந்த நெருக்கம். அடிக்குரல் வீக்கம் கண்டென்சரின் குணம் என்று நினைக்கவேண்டாம், திசை பார்த்துக் கேட்கும் எல்லா மைக்கிலும் உண்டு. எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னியில் கிடையாது.

மூன்றாவது கேள்வி. மின்தேக்கி சொன்ன 1 கிகாஓமை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூலைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையம், சர்க்யூட் பலகையில் ஃபெட்டின் கேட் (சிக்னல் நுழையும்) முனை, இவற்றின் காப்பு கிகாஓமையும் தாண்டி இருக்கவேண்டும். தூசியும் எச்சிலின் உப்பும் படிந்த இடத்தில் ஈரம் ஏறினால் அங்கே ஒரு கசிவுப் பாதை உண்டாகிறது. மின்னூட்டம் சீராகக் கசிவதில்லை, விட்டு விட்டுத் தாவுகிறது; ஒவ்வொரு தாவலும் ஒரு "பட்". காய்ந்ததும் பாதை மறைகிறது, சத்தமும் மறைகிறது. எனவே இன்னும் பழுது என்று சொல்லமுடியாது, அழுக்கு சேரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மைக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் 100 கிராம் சிலிகா ஜெல்லோடு வைக்கவும். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். டப்பாவுக்குள் ஒரு சிறிய ஈரமானி போட்டு 40–50 சதவீதத்தில் நிறுத்துங்கள். குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான இடத்துக்குக் கொண்டுபோனால் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடவும், இல்லாவிட்டால் சவ்வின் மேலேயே நீர் படியும். பதிவுக்கு அரை மணி முன்பே 48ஐப் போட்டு வைப்பதும் உதவும். தலைமுடி உலர்த்தி, அழுத்தக் காற்று இரண்டும் கூடவே கூடாது. 5 மைக்ரான் சவ்வு பின்தகட்டில் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. சவ்வைத் துடைக்க முயலாதீர்கள், தவறான திரவம் பட்டால் தங்கப்பூச்சு உரிந்து வரும்.

ஒன்று கவனியுங்கள்: கேபிளை அசைக்கும்போது மட்டும் பொரிந்தால் ஈரம் காரணமில்லை, கேபிள்தான். சும்மா இருக்கும்போது பொரிந்தால் மட்டுமே மேலே சொன்னது.

திறந்தவெளிப் படப்பிடிப்புக்காரர்கள் சென்ஹைசர் எம்கேஎச் வரிசையை விரும்புவதற்கு இது ஒரு காரணம். அதில் கேப்ஸ்யூலை மின்னூட்டம் ஏற்றிக் காத்துக்கொண்டிருக்கவில்லை. உயர் அதிர்வெண் சுற்று ஒன்றின் உறுப்பாக வைத்து, மின்தேக்கம் மாறுவதை அந்தச் சுற்று படிக்கிறது. அங்கே மின்மறுப்பு குறைவு, ஈரக் கசிவு ஒன்றும் செய்வதில்லை.

---

குரல்வளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முத்திரைப் பக்கம் சரியாகத்தான் இருந்தது. 15 செ.மீ.க்குக் கொண்டுவந்து, முதுகுக்குப் பின்னால் போர்வையும் போட்டதும் எதிரொலி அடங்கிவிட்டது. விசிறியை நிறுத்திவிட்டேன். ஆனால் இப்போது "ப" எல்லாம் குண்டு. இன்னொன்று: கைப்பேசிக்கான காலர் மைக் ஒன்று இருக்கிறது, 3.5 மி.மீ. பிளக். எக்ஸ்எல்ஆர் அடாப்டர் போட்டு இதே இன்டர்ஃபேஸில் மாட்டலாமா? 48 இருக்கிறதே.

---

மின்தேக்கி எழுதியது:

அப்படி மாட்டாதீர்கள். காலர் மைக் 2 முதல் 5 வோல்ட்டில் ஓடும் சிறிய எலக்ட்ரெட். அரை மில்லியாம்பியர்தான் எடுக்கும், 6.8 கிலோஓமில் 3.4 வோல்ட் மட்டுமே விழும், மிச்சம் 44 வோல்ட்டுக்கு மேல் அந்தக் குட்டி ஃபெட்டின் தலையில். வெறும் கம்பி அடாப்டர் அதைக் காப்பாற்றாது. 48ஐ வாங்கி உள்ளேயே குறைத்துக் கொடுக்கும் அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள். கைப்பேசி பிளக்கில் நான்கு பட்டைகள் இருந்தால் மைக் சிக்னல் பெரும்பாலும் கடைசிப் பட்டையில் இருக்கும். அந்த அடாப்டருக்கு முன் நான்கை மூன்றாக்கும் சிறு கேபிளும் தேவை.

நான்காவது கேள்வி பாக்கி. சமநிலைக் கேபிளில், அதாவது மூன்று ஊசியும் சரியாக இணைந்த எக்ஸ்எல்ஆர் கேபிளில், மாட்டிய டைனமிக்குக்கு 48ஆல் கெடுதல் இல்லை. 2க்கும் 3க்கும் ஒரே மின்னழுத்தம், சுருளின் இரு முனையும் சமம், மின்சாரம் ஓடாது. எக்ஸ்எல்ஆரிலிருந்து 6.3 மி.மீ. மோனோவுக்குப் போகும் கேபிள், ஒரு ஊசி ஷீல்டோடு உரசும் கேபிள், இவற்றில்தான் ஓடும். டைனமிக்கின் சுருள் அதையும் தாங்கிக்கொள்ளும். ரிப்பன் மைக் தாங்காது: 2–3 மைக்ரான் அலுமினிய நாடா, ஒரே உதையில் நீண்டு தொய்ந்துவிடும். உள்ளே ஆம்ப் வைத்து 48 கேட்கிற ரிப்பன்களும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். ரிப்பன் முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும் என்பதால் உங்கள் அறைக்கு அது வேண்டாம்.

---

சுருள்காந்தம் எழுதியது:

"ப"வுக்கு: பாப் ஃபில்டர் (வாய்க்காத்தைத் தடுக்கிற வலை) மைக்கை ஒட்டி இருக்கக்கூடாது, 6–8 செ.மீ. முன்னால நிக்கணும். ஒட்டி வெச்சா வலையைத் தாண்டின காத்து கலையறதுக்கு இடமே இல்ல. அதோட மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கடைவாய்ப் பக்கம் நகர்த்தி, மைக்கோட முகத்தை மட்டும் உங்க வாயைப் பாக்கிற மாதிரி 20–30 டிகிரி திருப்புங்க. காத்து நேரா போயிடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும். "ப" வர்ற வரியை உள்ளங்கையை மைக் இருக்கிற இடத்துல வெச்சு வாசிச்சுப் பாருங்க. கையில காத்து அடிச்சா இன்னும் கொஞ்சம் நகர்த்தணும்.

மைக் மாத்தும்போது கெயினை முழுசா இறக்கி, 48ஐ அணைச்சு, 30 விநாடி கழிச்சுக் கழட்டுங்க. உள்ள இருக்கிற கெபாசிட்டர்கள் வடியுறதுக்கு அவ்வளவு நேரம் ஆகும், ஹெட்ஃபோன் காதுல இருந்தா அந்த "டொப்" சுள்ளுனு இருக்கும்.